நடுச்சுவரில் ஒரு தொட்டி

ஜனவரி 9

பின்பாதி வீட்டுக்காரருக்கு,

முன்பாதி வீட்டுக்காரி எழுதுவது. தம்பி என்று தொடங்கக் கை வரவில்லை, அதனால் இப்படி. சுவர் எழுந்த அன்று இனி உன்னோடு பேச்சே கிடையாது என்று சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

நேற்றுக் காலை கூடத்துக்கு வந்தால் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது. கூடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து அப்பா கட்டிய தொட்டி. வீட்டைப் பிரித்தபோது சுவர் சரியாக அதன் மேல்தான் வந்தது. உடைத்துவிடலாம் என்றாய் நீ, கை வைக்கக் கூடாது என்றேன் நான். கொத்தனார் நம் இரண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொட்டியைச் சுற்றிச் சுவரை எழுப்பி, மேலே ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து அது காய்ந்து கிடந்தது. உன் கண்ணாடியில் நீ பழைய செய்தித்தாளை ஒட்டினாய், என் கண்ணாடியில் நான் ஒட்டினேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் இருவருக்கும் ஒரே கருத்து.

இப்போது உன் தாளைக் கிழித்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டாய். என் பக்கத்துத் தாள் கசிவில் ஊறித் தானாகக் கழன்று விழுந்தது. வாயில் பிரஷ்ஷோடு நான் நிற்கிறேன், தண்ணீருக்கு அந்தப் பக்கம் பனியனோடு நீ நிற்கிறாய், நடுவே இரண்டு தங்க மீன்கள். காலையில் யாருக்கு வேண்டும் இந்தக் காட்சி?

பொதுவான இடத்தில் கை வைக்கும் முன் கேட்க வேண்டும். மீன் நம் வீட்டுக்கு ராசியில்லை என்று அம்மா சொன்னதும் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. தண்ணீரை இறக்கிவிட்டு மீன்களை எங்காவது கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
முன்பாதி


ஜனவரி 10

ஜட்ஜம்மாவுக்கு,

சின்ன வயதில் நம் சண்டைகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவள் நீ. தீர்ப்பு ஒவ்வொரு தடவையும் உன் பக்கமே வந்தது. அதனால் அந்தப் பட்டப்பெயர் இன்னும் பொருந்துகிறது.

மீன் வளர்க்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசை பொங்கவில்லை. நான் லிஃப்ட் பார்க்கப் போகும் கட்டடத்தில் ஒரு ஆபீஸை மூடிவிட்டார்கள். மேசை நாற்காலியெல்லாம் லாரியில் ஏறியாகிவிட்டது. வாசலில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காவலாளி கழிவறைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். "தொட்டியை எடுத்துக்க ஆள் இருக்கு சார். மீனை யார் எடுப்பா?" என்றார். என் கையில் கிரீஸ் பக்கெட் இருந்தது. நல்லவேளை, புது பக்கெட். அவ்வளவுதான் கதை. பெரிய மீனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன், சின்னதற்குக் கிளார்க்.

கொடுத்துவிடச் சொல்கிறாய். கொடுக்க ஆள் இருந்தால் இந்த வீட்டையே கொடுத்திருப்பேனே. என் மனைவி வேறு ஊரில் வேலையில் சேர்ந்து, வாடகை வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இந்தப் பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். வாங்க வருகிற ஒவ்வொருவரும் தொட்டிக்கு மேலே உள்ள இடைவெளியில் எட்டிப் பார்க்கிறார்கள், மறுபக்கம் நீ உட்கார்ந்திருப்பது தெரிகிறது, "அவங்களும் சேர்த்தா?" என்று கேட்கிறார்கள். முழு வீடாக விற்கலாம் என்றால் நீ அசைவதில்லை. மீன்களாவது என்னோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளட்டும்.

பின்பாதி


ஜனவரி 18

பின்பாதிக்கு,

முதலில் உன் கடிதத்தைத் திருத்தி, வந்த இடைவெளி வழியாகவே திருப்பி அனுப்பியிருக்கிறேன். தொட்டி என்ற சொல்லை மூன்று விதமாக எழுதியிருக்கிறாய், மூன்றும் தவறு. மெய்ப்புப் பார்த்துச் சாப்பிடுகிறவளுக்கு இப்படி எழுதாதே. அச்சகத்திலிருந்து வருகிற கட்டுகளே எனக்குப் போதும்.

அடுத்து, தொட்டி. தண்ணீர் இன்று அரிசி களைந்த நீர் மாதிரி வெளுத்துவிட்டது. கிளார்க் மூலையில் சாய்ந்து நிற்கிறான். மேனேஜர் மேலே வந்து வந்து வாயைத் திறக்கிறான். நீ அதில் என்னத்தைக் கொட்டுகிறாய்? காலையில் நான் போடுகிற தீனி சுத்தமானது, கடையில் சொல்லி வாசலில் வைக்கச் சொன்னது. அதைத் தவிர என் கை அதில் படவில்லை.

முன்பாதி


ஜனவரி 18, மாலை

ஜட்ஜம்மாவுக்கு,

என்னது, நீயும் தீனி போடுகிறாயா?

நான் வேலைக்குப் போகும் முன் போடுகிறேன், வந்ததும் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக. பசியோடு என்னைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு துணிக் கிளிப் வைத்திருக்கிறேன். தொட்டி மூடியில் மாட்டு. தீனி போட்டவர் கிளிப்பின் வாயை அடுத்தவர் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் அவர் முறை. இதற்காவது பேசாமல் ஒத்துக்கொள்.

பின்பாதி


ஜனவரி 27

பின்பாதிக்கு,

கிளிப் ஏற்பாடு பரவாயில்லை. நீ சொன்னதிலேயே முதல் உருப்படியான யோசனை.

நான் மீன் வளர்ப்பு பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நேரம் இருக்கிறது. மீனின் இரைப்பை அதன் கண் அளவுதானாம். கண் அளவு வயிற்றுக்கு நாம் வைத்த விருந்தை நினைத்துப் பார். சின்ன வயதில் என்ன நடந்தது என்று இப்போது புரிகிறது. நீ பள்ளிக்குப் போகும் முன் போடுவாய், நான் வந்ததும் போடுவேன், அப்பா வேலை முடிந்து வந்து போடுவார், அம்மா மிச்சச் சோற்றைக் கிள்ளிப் போடுவாள். வேறு யாருமே கவனிப்பதில்லை என்று நாலு பேருக்குமே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மீன்களை வாளியில் எடுத்துவிட்டு, தொட்டியைச் சோப்புத்தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்போம். பளபளவென்று ஆனதும் குழாயிலிருந்து நேரே தண்ணீரைப் பிடித்து அதில் விடுவோம். சாயங்காலம் ஒவ்வொன்றாக மிதக்கும். அழுவோம். அம்மா ராசியில்லை என்பாள். அடுத்த வாரம் அப்பா வேறு வாங்கி வருவார்.

ஒருத்தர்கூட நம் கையைப் பார்க்கவில்லை. அத்தனை பாசமும் சேர்ந்துதான் அவற்றைக் கொன்றது.

இனி நான் சொல்வதைக் கேள். தண்ணீரை மொத்தமாக மாற்றாதே. கால்வாசி எடு, ஒரு நாள் வாளியில் வைத்திருந்த தண்ணீரை ஊற்று. நீ உள்ளே வைத்திருக்கிற ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் அலசாதே, தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழி. அழுக்கைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. அவை பெருக வாரக்கணக்கில் ஆகும்.

முன்பாதி


பிப்ரவரி 11

ஜட்ஜம்மாவுக்கு,

உன் சொற்படியே எல்லாம். என் வாசல் பின்தெருவில்தானே, அந்தத் தெருமுனையில் இருக்கிற வளர்ப்பு மீன் கடைக்காரர் இதைத் தண்ணீர் பழுக்கிறது என்கிறார். உன் கணக்கு சரிதான் என்று ஒத்துக்கொண்டு, கையோடு ஒரு பிளாஸ்டிக் புதையல் பெட்டியையும் என் தலையில் கட்டப் பார்த்தார். மூடி திறந்து திறந்து குமிழி விடுமாம். நான் காற்று மோட்டார் மட்டும் வாங்கி வந்தேன்.

ஒரு குறை. உன் பக்கத்து விளக்கு விடிய விடிய எரிகிறது. மீனுக்கு இமை கிடையாது, மூடிக்கொள்ள முடியாது. எனக்கு இமை இருந்தும் பிரயோஜனமில்லை, சுவரெல்லாம் பச்சையாக ஆடுகிறது.

இன்னொன்று. குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். எப்போது கண்ணைத் தூக்கினாலும் நீ அந்த நாற்காலியிலேயே இருக்கிறாய். நான் லீவு போட்ட நாளிலும் அங்கேதான். நீ எங்கேயும் போவதில்லையா?

பின்பாதி


பிப்ரவரி 12

பின்பாதிக்கு,

பழுக்கிறது என்பது நல்ல சொல். மெய்ப்பில் வந்திருந்தால் அடித்திருப்பேன், ஆனால் நல்ல சொல்.

விளக்கை அணைத்துவிடுகிறேன். மற்றது உனக்கு வேண்டாத விஷயம்.

முன்பாதி


மார்ச் 4

ஜட்ஜம்மாவுக்கு,

வெளியூரில் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் பொருத்தும் வேலை, கிளம்புகிறேன். வர ஒரு வாரம் ஆகலாம். தீனி முழுக்க உன் பொறுப்பு, கிளிப்பை உன் பக்கமே திருப்பி வைத்திருக்கிறேன். காற்று மோட்டார் இரண்டு நாளாக முனகுகிறது. நின்றுவிட்டால் கடைக்காரரிடம் போய் நின்றால் போதும், என் பெயரில் வேறு கொடுத்துவிடுவார். உன் வாசலில் இறங்கி, தையல் கடையைத் தாண்டி, முனையில் திரும்பினால் கடை. இரண்டு நிமிட நடை.

கிளார்க் அந்த வெள்ளைத் தண்ணீரிலிருந்து இன்னும் முழுசாகத் தேறவில்லை. பார்த்துக்கொள்.

பின்பாதி


மார்ச் 13

முன்பாதிக்கு,

வந்து பார்த்தேன். மோட்டார் நின்றிருக்கிறது. செத்துப்போன கிளார்க்கை ஒரு கிண்ணத்தில் போட்டு, மேலே தட்டு மூடி, இடைவெளியில் வைத்திருக்கிறாய். ஒரு வரி எழுதவில்லை.

வழியில் கடைக்காரரைப் பார்த்தேன். நீ போன் செய்தாயாம், கொண்டுவந்து கொடுக்கக் கேட்டாயாம். கடையில் அவர் ஒற்றை ஆள். "ரெண்டு நிமிஷ நடைதாம்மா, வந்து வாங்கிக்கோங்கன்னு சொன்னேன், போனை வச்சுட்டாங்க" என்றார். கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. மீன் சாகிறது என்று தெரிந்தும் வாசலில் இறங்க உனக்கு மனம் வரவில்லை. நீ அந்தப் பக்கம் போனதும் நான் வீட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று பயமா? அப்பா படுக்கையில் இருந்தபோதும் இப்படித்தான். யாரையும் கிட்டே விடவில்லை. நான் வந்து பத்து நாள் இருக்கிறேன் என்றால், உனக்கு அவரைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியாது என்றாய். எல்லாமே உன் கைக்குள் இருக்க வேண்டும் உனக்கு. அப்பா, வீடு, தொட்டி. நாங்களெல்லாம் உன் கதவு திறக்கும் வரை வெளியே நிற்க வேண்டும்.

மேனேஜரை நான் வேறு எங்காவது விட்டுவிடுகிறேன். தாளை மறுபடி ஒட்டிக்கொள்.


மார்ச் 16

தம்பி,

இந்தச் சொல்லை எழுதியே எத்தனையோ நாளாகிறது.

மோட்டார் நின்ற பிறகு நான் ஒரு மக்கை எடுத்துக்கொண்டு தொட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினேன். காற்றுக் கலக்கட்டும் என்று. கை ஓய்ந்தால் அடுத்த கை. உட்கார்ந்தபடியே தூங்கிவிழுந்து, விழித்து, மறுபடி ஊற்றினேன். அந்த நேரத்தில் கடைக்கு எத்தனை தடவை போய் வந்திருக்கலாம் என்று எனக்குத் தெரியாதா? செருப்பைப் போட்டேன். கதவைத் திறந்தேன். வெளிவாசல் கம்பியைப் பிடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

நான் வெளியே போவதில்லை, தம்பி. போக மனமில்லாமல் இல்லை. என்னால் முடியவில்லை. அப்பா போனதிலிருந்து இப்படித்தான்.

அவர் படுக்கையில் இருந்தபோது நான் தெருவில் இறங்கினாலே கூப்பிடுவார். பாலுக்குப் போனாலும், குப்பை போடப் போனாலும். வரத் தாமதமானால் தானே எழுந்திருக்கப் பார்ப்பார், விழுவார். ஒரு தடவை நெற்றி பிளந்துவிட்டது. அப்புறம் நான் ஓடிப்போய் ஓடிவர ஆரம்பித்தேன். பிறகு ஓடுவதையும் நிறுத்தி, எல்லாவற்றையும் வாசலுக்கு வரவழைத்தேன். நீ மாதம் ஒரு முறை பழத்தோடு வந்து, சிரித்துப் பேசிவிட்டுப் போவாய். உன்னிடம் அவர் நன்றாகத்தான் இருப்பார். புரட்டத் தெரியாது என்று நான் சொன்னது உண்மைதான். வேறொருத்தர் புரட்டி, அவர் கத்தினால் என்னால் தாங்க முடியாது என்பதும் உண்மை.

இப்போது கூப்பிட ஆள் இல்லை. ஆனாலும் வெளிவாசல் கிட்டே போனதும் பின்னால் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது. திரும்பி ஓடிவந்துவிடுகிறேன். அதனால்தான் வீட்டை விற்கக் கையெழுத்துப் போடவில்லை. ஆசையால் அல்ல. விற்றால் நான் வெளியே வர வேண்டும். அதை உன்னிடம் சொல்வதைவிட, பேராசைக்காரி என்று நீ நினைப்பதே எனக்குச் சுலபமாக இருந்தது.

மேனேஜரை எடுத்துப் போகாதே. கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும், லிஃப்ட் கதை.

போன வருஷம் ஒரு பழைய கட்டடத்தில் மாலை நேரம் சோதனைக்குப் போனேன். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றிருந்தது. யாரும் புகார் செய்யவில்லை, மணி அடிக்கவில்லை. காலியாக இருக்கும் என்று நினைத்து இறக்கிக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு மனிதர். கசங்காத சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. காலையிலிருந்து உள்ளே இருக்கிறார். மணி வேலை செய்கிறது, போனும் இருக்கிறது. ஏன் சார் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "அவமானமா இருந்துச்சு தம்பி" என்றார். "பெரிய மனுஷன் மாட்டிக்கிட்டேன்னு எப்படிச் சொல்றது?" அன்றைக்கு ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் நீ நின்றிருக்கிறாய், நான் தொழில்காரன், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. மாட்டிக்கொண்டவரை இழுக்கக் கூடாது. கதவை நெம்பித் திறந்து, பாதி மாடியில் ஏறிக் குதிக்கப் பார்க்கிறவர்களுக்குத்தான் அடிபடுகிறது. மேலே ஒருத்தர் பிரேக்கைக் கையால் தளர்த்தி, அங்குலம் அங்குலமாக இறக்கி, தரையோடு மட்டம் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கதவு. அதுவரை இன்னொருத்தர் வெளியே நின்றுகொண்டு, "இங்கேதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் இங்கேதான் இருக்கிறேன். மேனேஜரும் இருக்கிறான். அந்த வார்த்தைகளை எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

தம்பி


மார்ச் 29

தம்பி,

மேனேஜர் தனியாகச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்க முடியவில்லை, துணைக்கு ஒன்று வாங்குவதாக எழுதியிருந்தாய். தண்ணீர் இப்போது பழுத்துவிட்டது, வாங்கலாம். ஆனால் பழைய வழக்கப்படி மீன் இருக்கிற பிளாஸ்டிக் கவரைக் கிழித்து உள்ளே கொட்டினாயானால் உன்னை விட மாட்டேன்.

கட்டின கவரை அப்படியே தொட்டியில் மிதக்கவிடு. உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே இருக்கிற தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும். பிறகு வாயை அவிழ்த்து, தொட்டித் தண்ணீரில் ஒரு கிண்ணம் அதற்குள் ஊற்று. கொஞ்ச நேரம் விடு. இன்னொரு கிண்ணம். மீன் ஒதுங்கினால் நிறுத்து, அவசரப்படுத்தாதே. கவருக்குள் புதுத் தண்ணீர் பாதிக்கு மேல் ஆன பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடு. கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நீ சொன்ன மாதிரியே செய்தேன். புதிதாக வந்தவள் பெயர் டைப்பிஸ்ட். மேனேஜர் அவள் பின்னாலேயே போகிறான்.

உன் கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. மீன் என்று வருகிற இடத்தில் நான் என்று போட்டு ஒரு தடவை வாசித்துப் பார்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

நான் மீன் இல்லை. வால் முளைத்தால் சொல்லி அனுப்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 24

தம்பி,

வாசித்தேன். எத்தனை தடவை என்று கேட்காதே.

கொஞ்ச நாளாகச் சாயங்காலம் வெளிவாசல் படியில் ஸ்டூல் போட்டு உட்கார்கிறேன். முதலில் கதவுக்கு உள்ளே, பிறகு படியில், பிறகு கம்பிக்கு வெளியே. கையில் மெய்ப்புக் கட்டு வைத்துக்கொள்கிறேன், யாராவது பார்த்தால் காற்றுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கட்டும். மூன்று நாளுக்கு முன் தையல் கடை வரை நடந்தேன். கடை வாசலில் நீ போனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீ போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தாய் என்பதையும் பார்த்தேன். என்னிடம் பேசவில்லை. அதற்கு நன்றி. பேசியிருந்தால் அழுதிருப்பேன், தையல்காரர் தையல் மெஷினை நிறுத்தியிருப்பார்.

நேற்று முனை வரை போகலாம் என்று கிளம்பினேன். ஒரு லாரி பக்கத்திலேயே ஹாரன் அடித்தது. எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. செருப்பில் ஒன்று தெருவில் கிடக்கிறது. இன்று கதவையே திறக்கவில்லை, சுவர்கள் கிட்டே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு இது நடக்காது என்று தோன்றுகிறது. முழு வீட்டையும் வாங்குகிறேன் என்று வந்திருப்பவரை எனக்காகக் காத்திருக்க வைக்காதே.

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

செருப்பு இடைவெளியில் இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன்.

வாங்குகிறவரை வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டேன். மனைவியிடமும் சொன்னேன். "உங்க அக்கா பழுக்கட்டும், அவசரமில்ல" என்றாள். தண்ணீர் கதையை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். உன்னைப் பற்றி இப்படிப் பேசிக்கொள்கிறோம் என்று கோபித்துக்கொள்ளாதே.

மீன் ஒதுங்கினால் நிறுத்து என்று எழுதியவள் நீ. நிறுத்தினால் போதும். கவரை வெளியே எடுக்க வேண்டியதில்லை.

செருப்புக்குள் என் வீட்டுச் சாவி இருக்கிறது. வா என்று சொல்லவில்லை. உன்னிடம் இருக்கட்டும்.

தம்பி


மே 17

தம்பி,

உன் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் நீ அவசரமாகக் கிளம்பியதைத் தொட்டி வழியாகப் பார்த்தேன். எங்கேயோ யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. தையல் கடை வாசலில் இன்று நீ இருக்க மாட்டாய் என்பதும் புரிந்தது. அப்படியானால் இன்று வேண்டாம் என்று உட்கார்ந்தேன். பிறகு என்னவோ, இன்றைக்கே போக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வெளிவாசலில் அப்பா கூப்பிட்டார். எப்போதும் போலத்தான். "இதோ வந்துடறேன்ப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன், அவர் இருந்தபோது சொன்ன மாதிரியே. சொல்லிவிட்டு நின்றேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. தையல் கடை, அப்புறம் மருந்துக் கடை, அப்புறம் முனை. முனையில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வெட்கத்தைப் பார்க்கவில்லை. மீன் கடைக்காரர் என்னை யாரென்று தெரியாமல் புதையல் பெட்டி ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார். வாங்கிவிட்டேன். நீ திட்டினாலும் பரவாயில்லை.

உன் பூட்டு சாவியைச் சற்றுத் தூக்கித் திருப்பினால்தான் திறக்கிறது. அதை எழுதியிருக்கலாம். உள்ளே வந்தால் கழுவாத டம்ளர்கள், காயப்போட்ட இடத்திலேயே காய்ந்து விறைத்த துணிகள். இந்த வீட்டில் ஒழுங்காக இருப்பது தொட்டி ஒன்றுதான். அம்மாவின் அலமாரி உன் பாதியில் வந்திருப்பதை மறந்தே போயிருந்தேன். அதன் கதவைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கிளிப் உன் பக்கம் திரும்பியிருந்தது, நீ அவசரத்தில் போடாமல் போயிருக்கிறாய். இந்தப் பக்கத்திலிருந்து நான் போட்டுவிட்டேன். கண் அளவுதான்.

நீ வரும் வரை இங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். இந்தக் கடிதத்தை இடைவெளியில் வைத்தால் என் வீட்டுக்குள் விழும், அதனால் கையிலேயே வைத்திருக்கிறேன். வீட்டைப் பற்றி உன்னோடு பேச வேண்டும். பேச என்றுதான் எழுதியிருக்கிறேன், பிழையில்லை.

விளக்கை அணைக்காமல் வந்துவிட்டேன். நீ குறை சொன்னது சரிதான், இங்கிருந்து கண் கூசுகிறது. தண்ணீர் வழியாக என் கூடம் முழுக்கத் தெரிகிறது. மெய்ப்புக் கட்டு, ஸ்டூல், மக், என் நாற்காலி. மேனேஜர் அதன் குறுக்கே போகிறான், டைப்பிஸ்ட் பின்னால் போகிறாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை. அங்கே யாருமே இல்லை.

அக்கா